வராதவர்களும் இல்லாதவர்களும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எங்களைத் திட்டியும் தேற்றியும் கரையேற்றிய பேராசிரியப் பெருமக்களே, சங்கத்தின் பொறுப்பாளர்களே, என்னோடு ஒரே மெஸ்ஸில் நாலு வருஷம் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்ட அருமை நண்பர்களே, இப்போது அதே சாம்பாரைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இந்நாள் மாணவச் செல்வங்களே!

நம் செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்தார். "தம்பி, நீயும் பேசணும். தலைப்பு உன் இஷ்டம். ஆனா சிமெண்ட் பத்தி மட்டும் பேசிடாதப்பா, போன தடவை ஒருத்தர் பேசி பாதிப் பேர் தூங்கிட்டாங்க" என்றார். நான் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஸ்ட்ருமெண்டேஷன் பொறியாளர். சிமெண்ட் இல்லாமல் எனக்கு என்ன தெரியும்? யோசித்துப் பார்த்ததில், இந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் பொதுவான, எல்லாருக்கும் பயமான ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. அட்டெண்டன்ஸ்!

நான் இங்கே 2005 முதல் 2009 வரை படித்தவன். 75 சதவீதத்துக்காக நாம் பட்ட பாடு கொஞ்சமா? பின் பெஞ்சிலிருந்து ஒரே ஆள் மூன்று குரலில் "பிரசெண்ட் சார்" சொன்ன திறமைசாலிகள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் இப்போது பெரிய கம்பெனியில் மேலாளர், பெயர் சொல்லமாட்டேன். ஆள் இல்லை, பதிவேட்டில் இருக்கிறான். அது நம் கல்லூரிக் கதை. நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறான கதை. ஆள் இருக்கிறான், பதிவேட்டில் இல்லை.

எங்கள் கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒருவன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். வாய்ப்பாட்டை அவன் சொல்ல, நான் வாயசைப்பேன். 2000-ஆம் ஆண்டு பொங்கல் முடிந்ததும் அவன் வீட்டில் செங்கல் சூளைக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். மானாவாரி பூமி, பொங்கலுக்கு அப்புறம் எங்கள் பக்கம் வேலை ஏது? கொஞ்ச நாள் ஆசிரியர் அவன் பெயரைக் கூப்பிட்டார். நாங்கள் "வரல சார்" என்றோம். அப்புறம் ஒரு நாள் அவன் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அடுத்த பெயர் என்னுடையது.

ஆடி மாதம் அவன் அம்மாவோடு திரும்பி வந்தான். நாங்கள் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டோம். அவன் வாசலில் நிற்கிறான், அவன் அம்மா உள்ளே பேசுகிறார். "பேரை அடிச்சாச்சும்மா, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லியிருக்கிறார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதான். அதன்பிறகு அவன் பள்ளிக்கூடத்துக்குள் வரவில்லை.

இதைக் காணாமல் போனான் என்று சொல்லலாமா? காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால்தான் அங்கே கணக்கு. காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அப்பா அம்மாவோடு சேர்ந்தே போகிற பிள்ளைக்கு யார் புகார் கொடுப்பார்கள்? அந்தப் பிள்ளை காணவில்லை என்பதைக் கவனிக்க ஊரில் இருப்பது ஒரே ஒரு நோட்டுதான். வருகைப் பதிவேடு.

கொஞ்சம் எங்கள் மாவட்டக் கதையையும் சொல்லிவிடுகிறேன், விஷயத்துக்குச் சம்பந்தம் இருக்கிறது. நான் பிறந்தது திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. நான் பெரம்பலூர்க்காரன் ஆனேன். 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டம், நான் அரியலூர்க்காரன். அடுத்த வருஷமே மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-இல் திரும்பவும் அரியலூர் தனி. ஹாஸ்டலில் இருந்து லீவுக்குப் போனவன் வேறு மாவட்டத்துக்குப் போய் இறங்கினேன்! எங்கள் ஊர் என்னவோ ஒரு அங்குலம்கூட நகரவில்லை. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் 5 லட்சத்து 65 ஆயிரம் பேர், அரியலூரில் 7 லட்சத்து 54 ஆயிரம் பேர். இத்தனை சின்ன மாவட்டங்களில், இத்தனை முறை கோடு மாறிய இடத்தில், ஒரு பையன் எந்தப் பள்ளியில் இருந்தான், எங்கே போனான் என்று தொடர்ந்து போவது காகிதத்தை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா?

நாடு முழுக்கவே அப்போது எண்ணிக்கைதான் எடுத்தார்கள். 90-களின் நடுவில் டைஸ் என்ற முறை வந்தது. பிறகு அது யூ-டைஸ் ஆயிற்று. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண். முதல் இரண்டு மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு ஒன்றியம், பிறகு மூன்று ஊர், கடைசி இரண்டு பள்ளி. அழகான ஏற்பாடு. ஆனால் எண் பள்ளிக்கூடத்துக்குத்தான், பிள்ளைக்கு இல்லை. எட்டாம் வகுப்பில் 30 பேர் என்று எழுதி அனுப்புவார்கள். ஐந்து பேர் சூளைக்குப் போய், வேறு ஐந்து பேர் புதிதாகச் சேர்ந்தால் அப்போதும் 30 தான். கணக்கு சரி, ஆள் வேறு. மாணவர் வாரியாகப் பெயரோடு யூ-டைஸில் தகவல் எடுக்க ஆரம்பித்ததே 2022-23-இல்தான்.

நம் தமிழ்நாடு இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. எமிஸ் என்று ஒன்று, பத்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. இங்கே ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் பெயரைக் கேட்டதுமே சிரிப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு அம்மா போனை வைத்துக்கொண்டு "சர்வர் சுத்துது, சர்வர் சுத்துது" என்று புலம்பியதைக் கேட்டிருப்பீர்கள். பாடம் நடத்த விடாமல் பதிவேற்றம் பண்ணச் சொல்கிறார்கள் என்று ஆசிரியர்கள் படுகிற கோபத்தில் நியாயம் உண்டு. நான் அவர்கள் கட்சிதான். ஆனாலும் ஒரு பொறியாளனாகப் பார்த்தால் அதில் ஒரு அருமையான அம்சம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். ஒரு பள்ளியில் டி.சி. கொடுத்ததும் அந்த எண் அந்தப் பள்ளியை விட்டு வெளியே வந்து காமன் பூல் என்று ஒரு பொதுத் தொட்டியில் விழும். அடுத்த பள்ளி அங்கிருந்துதான் அந்த எண்ணை எடுத்துத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாரும் எடுக்கவில்லையா? எண் தொட்டியிலேயே கிடக்கும். இரண்டு பதிவேடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் விழுந்த பிள்ளை கண்ணுக்குத் தெரிகிற ஒரே இடம் அந்தத் தொட்டி.

நம் துறை மாணவர்களுக்கு ஒரு கேள்வி. டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் சிக்னலை ஏன் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தார்கள்? 0-விலிருந்து ஆரம்பித்தால் என்ன? ...பின்னால் யாரோ சரியாகச் சொல்கிறார். அளவு பூஜ்யம் என்றால் 4 வரவேண்டும். 0 வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். பூஜ்யமும் கம்பி அறுந்ததும் ஒன்று இல்லை. இதை நான்காவது செமஸ்டரில் நடத்தியபோது நான் இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தேன். பல வருஷம் கழித்துத்தான் என் பெஞ்சுத் தோழனுக்கு நடந்தது இதுதான் என்று புரிந்தது. 'வரவில்லை' என்று ஆசிரியர் போடுவது 4 மில்லி ஆம்பியர். பிள்ளை வரவில்லை, ஆனால் கம்பி இருக்கிறது. யாரோ தினமும் பெயரைக் கூப்பிடுகிறார்கள். பெயரை அடித்துவிட்டால் 0. அதன்பிறகு வரவில்லை என்று சொல்வதற்குக்கூட அங்கே யாரும் இல்லை.

அப்படியானால் பெயரை அடிக்காமலே வைத்துக்கொண்டால் சரியாகிவிடுமா? அங்கேதான் அடுத்த கோளாறு. எங்கள் ஆலையில் ப்ரீஹீட்டர் சைக்ளோனில் அழுத்தம் பார்க்கிற குழாயில் தூசி அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் கருவி பூஜ்யம் காட்டாது. கடைசியாக இருந்த அளவையே காட்டிக்கொண்டு நிற்கும். திரையில் எல்லாம் பச்சை. உள்ளே சைக்ளோன் அடைத்துப்போய்க் கிடக்கும். கம்பி அறுந்ததைவிட இது ஆபத்து.

2023 மார்ச் 13-ஆம் தேதி இதைத் தமிழ்நாடே பார்த்தது. பிளஸ் டூ தமிழ்த் தேர்வு. சுமார் எட்டரை லட்சம் பேர் எழுதவேண்டிய தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வரவில்லை. எல்லாரும் திடுக்கிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அன்றைக்கா காணாமல் போனார்கள்? அவர்கள் பத்தாம் வகுப்பு படித்தது 2020-21-இல். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த வருஷம். தேர்வே இல்லாமல் ஆல் பாஸ். அதில் எத்தனையோ பேர் பட்டறைக்கும் மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் போனவர்கள்தான். சில பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. பெயர் மட்டும் பதினொன்றுக்கு வந்து, பன்னிரண்டுக்கு வந்து, ஹால் டிக்கெட்டிலும் ஏறியது. கருவி கடைசி அளவையே காட்டிக்கொண்டிருந்தது.

ஏன் அடிக்காமல் வைத்திருந்தார்கள் என்று கேட்டால், அதற்கும் காரணம் உண்டு. ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு ஆசிரியர் வேறு ஊருக்குப் போகவேண்டும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சிக்கு ஆசைப்பட்டு, படிக்காத பையனை "நீ டி.சி. வாங்கிக்கோ" என்று நைசாக அனுப்பிவைக்கிற பள்ளிகளும் இருக்கத்தான் இருக்கின்றன. ஒன்று பொய்யாகச் சேர்க்கிறது, ஒன்று பொய்யாகக் கழிக்கிறது. சாப்ட்வேர் இரண்டையும் மரியாதையாக வாங்கிப் பதிந்துகொள்ளும்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயது வரை உள்ள பிள்ளைகளின் பதிவை வைத்துக்கொள்வதும், சேர்க்கை, வருகை, படிப்பு முடிப்பது வரை கண்காணிப்பதும் உள்ளாட்சி அமைப்பின் கடமை. இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதும் அதில் அடக்கம். டி.சி. வரத் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது. கட்டண பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் சொல்லிவிட்டது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பிலேயே சேர்த்து, தனியாகப் பயிற்சி கொடுக்கவேண்டும். இந்தச் சட்டம் பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால், ஆடி மாதம் வாசலில் நின்றவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்திருக்க வேண்டும்.

முன்னறிவிப்பு இல்லாமல் 45 நாள் வராவிட்டால் பள்ளி செல்லாக் குழந்தை என்று மத்திய அரசு ஒரு வரையறை வைத்தது. 45 நாள்! என் அபிப்பிராயம், அது ரொம்ப அதிகம். பொங்கலுக்கு மறுநாள் கிளம்பின குடும்பத்தை மார்ச் மாதம் தேடிப் போனால் பூட்டிய வீட்டைத்தான் பார்க்கலாம். நாலாவது நாளே யாராவது போகவேண்டும்.

யார் போவது? அதற்குத்தான் வருகிறேன். 2024-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது, முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். எங்கள் ஊர் தலைமையாசிரியை போன் செய்து, "தம்பி, நீங்க உள்ளூர்லயே இருக்கீங்க, வந்துடுங்க" என்றார். மாதம் ஒரு கூட்டம், டீயும் பிஸ்கட்டும், கையெழுத்து என்று நினைத்துத்தான் போனேன்.

எங்களுடையது எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்து கிலோமீட்டர் போகவேண்டும். நடுநிலைப் பள்ளி தன் கடமையை முடித்துவிட்டது. உயர்நிலைப் பள்ளிக்கு அந்தப் பிள்ளை யார் என்றே தெரியாது. மே, ஜூன் இரண்டு மாதம் அது யார் பிள்ளையும் இல்லை. 2025 ஜூனில் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் 23 பேர். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 19 எண்கள் வெவ்வேறு பள்ளிகளில் ஏறிவிட்டன. நான்கு எண்கள் தொட்டியில் கிடந்தன. நானும் தலைமையாசிரியையும் குழுத் தலைவியான ஒரு அம்மாவும் கிளம்பினோம். எங்களுக்கு வழிகாட்டி சத்துணவு ஆயா. எமிஸ் சொல்லாததை அவர் சொல்லுவார். முட்டை எண்ணிப் போடுகிறவர் அல்லவா! எந்தப் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை, ஏன் வரவில்லை, எந்த மாமன் வீட்டில் இருக்கிறது, எல்லாம் விரல் நுனியில்.

முதல் எண், ஒன்றுமே இல்லை. பையன் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருந்தான். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, டி.சி.யில் ஒரு பிறந்த தேதி. அதனால் அங்கே ஏற்ற முடியவில்லை. இரண்டாவது பையன் துறையூரில் பாட்டி வீட்டில் இருந்தான். ஒரு லேத் பட்டறையில் எடுபிடி. பட்டறைக்காரர் நல்ல மனிதர், "படிக்கிற பையன்னு தெரியாது சார்" என்றார். தெரியாமலா இருக்கும்? சரி, நாங்களும் வாதாடவில்லை. ஜூலையில் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாவது ஒரு பெண் பிள்ளை. மூன்று தடவை போனோம். முதல் தடவை அவள் அம்மா கதவுக்கு வெளியே வரவேயில்லை. இரண்டாவது தடவை தண்ணீர் கொடுத்தார். மூன்றாவது தடவைதான் பேசினார். "வயசுக்கு வந்த புள்ள தம்பி. பஸ்ஸு ஏழே காலுக்கு ஒண்ணு, அத விட்டா ஒம்பதரைக்கு. அஞ்சு மணிக்கு மேல இருட்டுல எறங்கி ஒண்டியா நடந்து வரணும். ஏதாவது ஒண்ணுன்னா ஊரு என்னத்தான் பேசும்." இதற்கு நான் என்ன பதில் சொல்ல? நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்தும் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியைதான், "அக்கா, ரெண்டு தெரு தள்ளி இன்னும் ரெண்டு புள்ளங்க அதே ஸ்கூலுக்குப் போவுதுங்க. மூணும் சேர்ந்து சைக்கிள்ல போகட்டும்" என்றார். அரசு இலவச சைக்கிள் கொடுப்பது பதினொன்றாம் வகுப்பில். எங்கள் ஊரில் அது தேவைப்படுவது ஒன்பதாம் வகுப்பில். நாங்கள் பழைய மாணவர்கள் ஐந்து பேர் ஆளுக்கு ஐநூறு போட்டு ஒரு பழைய சைக்கிள் வாங்கினோம். போகிறாள். இடையில் ஒரு வாரம் வரவில்லை என்று தகவல் வந்தது, பதறி ஓடினோம். அம்மை போட்டிருந்தது. அவ்வளவுதான்.

நடுவில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். என் பெஞ்சுத் தோழனைச் சில வருஷம் முன்னால் எங்கள் ஆலை எடைமேடையில் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். முதலில் என்னை "சார்" என்றான். அது எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. அப்புறம் "டா" வந்தது. டீ குடிக்கும்போது கேட்டான்: "ஏன்டா, அன்னிக்கு என் பேரை எப்போடா அடிச்சாங்க? நாங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியேவா?" இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது, அவனுக்கு அதுதான் கேட்கத் தோன்றியது. எனக்குத் தெரியவில்லை. குழுவில் சேர்ந்தபிறகு பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு மையில், 'நீண்ட நாள் வராமை, பெயர் நீக்கப்பட்டது'. மார்ச் மாதத் தேதி. அன்றைய பள்ளி ஆண்டு முடிய ஒரு மாதம்கூட இல்லை. வீட்டுக்கு யாராவது போனார்கள் என்பதற்கு ஒரு வரியும் அதில் கிடையாது. அவனிடம் தேதியைச் சொன்னேன். "ஓ" என்றான். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

நான்காவது எண்ணைச் சொல்லவில்லை. அந்தப் பையன் குடும்பமும் சூளைக்குத்தான் போயிருக்கிறது. நான் வேலை பார்ப்பதும் சூளை, அது போனதும் சூளை, பெயர் ஒன்றுதான். திருவள்ளூர் பக்கம் என்று ஒருவர் சொல்கிறார், செங்கல்பட்டு பக்கம் என்று இன்னொருவர். கொடுத்த போன் எண் அணைந்து கிடக்கிறது. கூட்டிப்போன மேஸ்திரி பிடி கொடுக்கவில்லை. 1098-க்கும் தகவல் சொல்லியிருக்கிறோம். வட்டார வள மையத்திலிருந்து அந்த மாவட்டங்களுக்கும் எழுதியிருக்கிறார்கள். அங்கே எந்தப் பள்ளியாவது அவனைச் சேர்த்திருந்தால் எண் தொட்டியை விட்டுப் போயிருக்கும். நேற்று இரவு இங்கே கிளம்பும் முன் தலைமையாசிரியையிடம் பார்க்கச் சொன்னேன். அங்கேயேதான் இருக்கிறது.

இந்த அரங்கில் திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் சைட்டில் வேலை பார்க்கிற சிவில் நண்பர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். உங்களுக்குச் செங்கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது என்று தெரியும். லோடு அனுப்புகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அரியலூர், பெரம்பலூர்க் குடும்பங்கள் இருக்கின்றனவா என்று. இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பையனின் விவரம் மேடையில் சொல்லக்கூடாது. மதியச் சாப்பாட்டின்போது மெஸ் வாசலில் நிற்பேன், வாருங்கள்.